மழலையர் வயதுக்கான படப் புத்தகங்கள்: எதை வாங்கலாம், எதைத் திருப்பி வைத்துவிடலாம்

கேள்வி: வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒன்றுக்கு 3 வயது, மற்றதுக்கு நாலரை. இரண்டு பேருக்கும் இன்னும் எழுத்து வாசிக்கத் தெரியாது. படங்கள் நன்றாக உள்ள கதைப் புத்தகங்கள் எவை? கடையில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வெறும் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் அதில் பாதி உங்கள் கைக்கு எட்டாது. எட்டிய பாதி உங்கள் பிள்ளைக்குப் பிடிக்குமா என்பது இன்னொரு கேள்வி. கையில் எடுத்த புத்தகத்தை ஐந்து நிமிடத்தில் எடைபோடத் தெரிந்துகொண்டால் பட்டியல் பெரிதாகத் தேவைப்படாது. அதனால் பெயர்கள் சில மட்டும், முறையை விரிவாகச் சொல்கிறேன்.

இந்த வயதில் ஒரே புத்தகத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் படிக்கிறார்கள். பெரியவர் எழுத்தைப் படிக்கிறார், பிள்ளை படத்தைப் படிக்கிறது. கனடாவில் மேரி ஆன் எவன்ஸும் ழான் செயின்ட்-ஓபினும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கதை வாசித்துக் காட்டும்போது குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். எழுத்துப் பக்கம் கண் போனதே அரிது, கிட்டத்தட்ட முழு நேரமும் படத்தில்தான் இருந்தது. எனவே படத்தில் படிக்க ஏதாவது இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் புத்தகத்தைத் திறந்ததும் கதையை வாசித்துப் பார்த்து வாங்குகிறார்கள். அது தவறான முனையிலிருந்து தொடங்குவது.

கடையில் செய்யவேண்டியது இரண்டே சோதனைதான். எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் கடைசிவரை புரட்டுங்கள். யார், எங்கே போகிறார்கள், என்ன சிக்கல், எப்படி முடிந்தது என்பது குத்துமதிப்பாகவாவது பிடிபட வேண்டும். அடுத்து, படத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் வாசியுங்கள். எழுத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் படம் வெறும் ஜோடனை. "சிவப்புச் சட்டை போட்ட பையன் உயரமான மரத்தின் கீழே சோகமாக உட்கார்ந்திருந்தான்" என்று எழுத்தில் இருந்து, பக்கத்திலும் அதுவே வரைந்திருந்தால், பிள்ளை கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எழுத்து தனியாக அரைகுறை, படமும் தனியாக அரைகுறை, சேர்ந்தால்தான் கதை என்று அமைந்த புத்தகம்தான் திரும்பத் திரும்ப எடுக்கப்படும்.

இதற்கு நல்ல உதாரணம் பாட் ஹட்சின்ஸின் 'ரோசிஸ் வாக்' (1968). ஆங்கில மூலத்தில் மொத்தமே 32 சொற்கள், ஒரே வாக்கியம். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பி வருகிறது. எழுத்து சொல்வது அவ்வளவுதான். படத்தில் ஒரு நரி முதலிலிருந்து பின்னாலேயே வந்து, ஒவ்வொரு தடவையும் பாயப்போய் மாட்டிக்கொள்கிறது. அந்த நரியைப் பற்றி எழுத்தில் ஒரு சொல் கிடையாது. வாசிப்பவர் சொல்லாத ஒன்று கேட்கும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை "பின்னாடி பாரு!" என்று கத்துவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

படத்தில் எதைக் கவனிப்பது? முதலில் முகமும் உடலும். எந்தப் பக்கத்திலும் ஒரே சிரிப்போடு நிற்கும் பாத்திரம் இருந்தால் வைத்துவிடுங்கள். பயம், பொறாமை, அசடு வழிதல் எல்லாம் கண்ணிலும் தோளிலும் நிற்கும் விதத்திலும் தெரிய வேண்டும். பாத்திரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். தமிழில் இடமிருந்து வலமாக வாசிப்பதால், வலப்பக்கம் நோக்கி ஓடும் பாத்திரம் அடுத்த பக்கத்துக்கு இழுத்துச் செல்லும். கதை முன்னே போகும்போது காரணமில்லாமல் எல்லோரும் இடப்பக்கம் பார்த்து ஓடினால், வரைந்தவர் புத்தகமாக யோசிக்காமல் தனித்தனிப் படங்களாக வரைந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்தது தொடர்ச்சி. முதல் பக்கத்தில் பாத்திரத்துக்கு இரட்டைச் சடை என்றால் எட்டாம் பக்கத்திலும் இரட்டைச் சடை இருக்க வேண்டும். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள். பிள்ளைகள் கட்டாயம் கண்டுபிடித்து, கதையை நிறுத்திவிட்டு அதைத்தான் கேட்பார்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த மலிவுப் புத்தகங்கள் பெருகிவிட்ட இந்தச் சமயத்தில் இது இன்னும் முக்கியம். விரல்களை எண்ணுங்கள், சட்டைப் பொத்தான், செருப்பு, நாயின் புள்ளிகள் ஆகியவற்றைப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடுங்கள். பின்னணியில் இருக்கும் மக்களின் முகத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அட்டையில் வரைந்தவர் பெயரே இல்லையென்றால் அது முதல் எச்சரிக்கை.

பளிச்சென்ற வண்ணம்தான் குழந்தைக்குப் பிடிக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். சில மாதக் குழந்தைக்குக் கறுப்பு-வெள்ளை போன்ற அழுத்தமான வேறுபாடு உதவும். 3 வயதில் பார்வை அந்தக் கட்டத்தைத் தாண்டி வெகுநாள் ஆகியிருக்கும். மங்கலான நீர்வண்ணமோ பென்சில் கோடோ எதுவும் சரி. நெரிசல்தான் தொல்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், விரித்த புத்தகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பெரிய படங்கள் தெரிந்தபோது, ஒரு படம் மட்டும் இருந்தபோது கற்றதைவிடக் குறைவான புதுச் சொற்களையே இந்த வயதுக் குழந்தைகள் கற்றார்கள். எழுத்து எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறது என்று தெரியாததுதான் சிக்கல். இடப்பக்கம் ஒரு காட்சி, வலப்பக்கம் வேறொரு காட்சி என்று இருக்கும் புத்தகத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வாசிக்கும்போது உரிய படத்தை விரலால் சுட்டிக் காட்டுங்கள், அல்லது எதிர்ப்பக்கத்தை ஒரு தாளால் மூடி வையுங்கள்.

பக்கம் புரட்டுவதையும் கதையின் ஒரு பகுதியாகவே பாருங்கள். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருப்பதற்குக் காரணம் அச்சகம்: பெரிய தாளை மடித்து வெட்டினால் 8, 16 என்ற மடங்கில்தான் பக்கம் வரும். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் போனால் கதைக்கு 12 முதல் 14 இணைப்பக்கங்கள் (விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் ஓர் இணைப்பக்கம்) மிஞ்சும். கெட்டிக்கார எழுத்தாளர் "அப்போது கதவைத் தட்டியது..." என்று வலப்பக்கத்தின் கடைசியில் நிறுத்தி, யார் என்பதைப் புரட்டிய பிறகு காட்டுவார். கேள்வியும் பதிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தால் பிள்ளையின் கண் பதிலைத்தான் முதலில் பார்க்கும், அப்புறம் சஸ்பென்ஸ் ஏது? மொழிபெயர்ப்பிலும் சுருக்கப் பதிப்பிலும் அடிக்கடி கெடுவது இதுதான். 32 பக்கத்தை 16க்குள் திணிக்கும்போது புரட்டும் இடங்கள் எல்லாம் போய்விடும்.

இந்தப் புரட்டலை உச்சமாகப் பயன்படுத்தியது மாரிஸ் செண்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' (1963). பையனின் கற்பனை விரிய விரியப் படமும் பக்கத்தில் இடம்பிடித்துக்கொண்டே போய், நடுவில் மூன்று இணைப்பக்கங்கள் எழுத்தே இல்லாமல் முழுக்கப் படமாகிவிடும். பிறகு சுருங்கத் தொடங்கி, கடைசிப் பக்கத்தில் படமே இல்லாமல் எழுத்து மட்டும் நிற்கும். நாலரை வயதுக்கு இது பொருந்தும். 3 வயதுப் பிள்ளைக்கு அந்தப் பூதங்கள் பயம் தரலாம், முதலில் பகலில் காட்டிப் பாருங்கள். சின்னவருக்கு எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' (1969) நல்ல தொடக்கம். திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை பழங்கள் ஏறும், பக்கத்தின் அகலமும் அதற்கேற்பக் கூடும், புழு தின்ற இடத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கும், விரலை விட்டுப் பார்க்கலாம். படுக்கும் நேரத்துக்கு மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி கிளெமென்ட் ஹர்ட் வரைந்த 'குட்நைட் மூன்' (1947). அறை பக்கத்துக்குப் பக்கம் இருட்டிக்கொண்டே போகும், கடிகார முள் நகரும், வண்ணத்தில் வரும் ஒவ்வொரு அறைப் படத்திலும் ஒரு சுண்டெலி வேறு வேறு இடத்தில் இருக்கும். எழுத்தே இல்லாத வகைக்கு ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' (1978). அதில் ஒரே பக்கத்தில் பல சின்னக் கட்டங்கள் வருவதால் நாலரை வயதுப் பிள்ளைக்குத்தான் சரிப்படும். இந்தப் புத்தகங்களை எந்த மொழிப் பதிப்பில் வாங்கினாலும் படம் தன் வேலையைச் செய்யும். இலவசமாக இணையத்தில் தமிழிலேயே பார்க்க வேண்டுமென்றால், பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. அங்கே யார் வேண்டுமானாலும் கதை ஏற்றலாம் என்பதால் தரம் ஏறி இறங்கும், மேலே சொன்ன இரண்டு சோதனையையும் அங்கேயும் போடுங்கள்.

எழுத்தின் அளவு. 3 வயதுக்கு ஓர் இணைப்பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, மொத்தம் 100 முதல் 200 சொற்கள். நாலரை வயதுக்கு மொத்தம் 300 முதல் 500 வரை போகலாம். தமிழில் ஒரு சொல்லே ஆங்கிலத்தின் இரண்டு மூன்று சொற்களைச் சுமப்பதால், ஆங்கிலப் புத்தகங்களுக்குச் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் கடையிலேயே ஓர் இணைப்பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் போனால் 3 வயதுப் பிள்ளை அதற்குள் பக்கத்தைப் புரட்டிவிடும்.

வாய்விட்டு வாசிப்பது இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். தமிழ்ப் படப் புத்தகங்களில் பலவற்றின் பலவீனம் அவற்றின் மொழி. "அச்சிறு முயலானது மிகுந்த மகிழ்ச்சியடைந்தது" என்பதை எந்தக் குரலில் வாசிப்பது? எளிய எழுத்துத் தமிழ் இருந்தால் போதும், பேச்சுத் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பாத்திரங்கள் பேசும் இடத்திலாவது மனிதர் பேசுவதுபோல் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு என்றால் ஒலிச்சொற்களைப் பாருங்கள். தமிழில் தொபுக்கடீர், சலசல, விறுவிறு, மொறுமொறு என்று எவ்வளவோ இருக்க, ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தால் மொழிபெயர்த்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதை 3 வயதுக்குப் பெரிய வரம். மூன்றாம் தடவை வரும்போது நீங்கள் நிறுத்தினால் பிள்ளை முடித்து வைக்கும். எழுத்துரு 18 பாயின்டுக்குக் குறையாமல், கறுப்பு எழுத்து வெளிர்ப் பின்னணியில் இருப்பது நல்லது. இலைகளும் பூக்களுமான படத்தின் மேல் அச்சடித்த தமிழில் புள்ளி எது, பூ எது என்று இரவு விளக்கில் தெரியாது.

கதையின் உள்ளடக்கத்தில் ஒரு விஷயத்தில் கறாராக இருக்கலாம். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி 'நீதி' என்று போட்ட புத்தகம் பெரும்பாலும் அந்த நீதிக்காகவே செய்யப்பட்டது. பாத்திரம் ஒரு தப்பு செய்யும், தண்டனை வரும், திருந்தும். படத்துக்கு அதில் வேலையே இல்லை. 'ஒரே புத்தகத்தில் 50 கதைகள்' வகையும் அப்படித்தான், பக்கம் நிறையப் பத்தி, மூலையில் ஒரு படம். பணத்துக்கு நிறைய கிடைத்ததுபோல் தோன்றும், வாசித்துக் காட்டினால் பிள்ளை இரண்டாவது பத்தியில் எழுந்து போய்விடும். பயமும் சாவும் பிரிவும் வரக்கூடாது என்பதில்லை, வந்தால் கடைசிப் பக்கத்துக்குள் பிள்ளை பத்திரமான இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். கெட்டவர்கள் எல்லாம் குண்டாக, கறுப்பாக, அவலட்சணமாக வரையப்பட்டிருக்கிறார்களா, அம்மா என்றால் எப்போதும் அடுப்படிதானா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். எழுத்தில் சொல்லாத இதையும் பிள்ளை படத்திலிருந்து படித்துக்கொள்கிறது.

அகரவரிசைப் புத்தகம் வாங்குவதாக இருந்தால் படம் ஒரே பெயருக்குத்தான் இடம் தர வேண்டும். 'ஓ' என்ற எழுத்துக்கு ஓநாய் வரைந்திருப்பார்கள், பிள்ளை நாய் என்று சொல்லும். பிள்ளைமேல் தப்பில்லை. எண் புத்தகத்தில் பொருள்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். 7 என்று போட்டுவிட்டு ஒன்று செடிக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தாலோ, பக்கங்கள் சேரும் நடு மடிப்புக்குள் ஒன்று போயிருந்தாலோ எண்ணிக்கை குழம்பும். விலங்குகளைப் பற்றிய தகவல் புத்தகத்தில் யானையும் எலியும் ஒரே பருமனில் இருந்தால் பக்கத்தில் மனித உருவமோ வேறு அளவுகோலோ இருக்கிறதா என்று தேடுங்கள். உண்மைத் தகவல் கற்க வேண்டும் என்பதே நோக்கமானால் சட்டை போட்டுப் பேசும் விலங்குகள் வேண்டாம். பாட்ரிசியா கானியாவும் உடன் பணியாற்றியவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், விலங்கை மனிதரைப்போல் பேசவைத்த புத்தகம் கேட்ட குழந்தைகள் நிஜ விலங்குக்கும் மனித குணங்களை ஏற்றிச் சொன்னார்கள். கதைக்கு அது தடையில்லை, அங்கே முயல் தொப்பி போட்டுக்கொள்ளட்டும்.

திறப்பது, இழுப்பது, எழுந்து நிற்பது போன்ற விளையாட்டுப் புத்தகங்கள் பிள்ளையை உட்கார வைக்கும், கற்பிப்பதில் பின்தங்கும். சிந்தியா சியோங்கும் ஜூடி டிலோச்சும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இழுக்கத் தொட எதுவும் இல்லாத சாதாரணப் புத்தகத்தில்தான் குழந்தைகள் எழுத்துகளைக் கூடுதலாகக் கற்றார்கள். கதைக்குப் பயன்படும் மடிப்பு வேறு. கட்டிலுக்கு அடியில் யார் என்று தூக்கிப் பார்ப்பது கதையோடு சேர்ந்தது. பட்டன் அமுக்கினால் சத்தம் வரும் புத்தகத்தில் பாட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். காசு போன்ற வட்டப் பாட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம்.

கட்டமைப்பு: 3 வயதுப் பிள்ளைக்குக் கெட்டி அட்டைப் புத்தகம்தான் என்று கட்டாயமில்லை, தாள் புரட்டப் பழக இதுவே வயது. ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய புத்தகம் தட்டையாக விரியும், ஆனால் நடுப்பக்கத்தில் பின்னின் முனை குத்துகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெறும் பசையில் ஒட்டியது சில மாதத்தில் தாளாகக் கழன்று வரும். நூல் தைத்த கெட்டி பைண்டிங் நீடிக்கும். நடுமடிப்பில் முக்கியமான முகம் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வழவழப்பான தாள் விளக்குக்குக் கீழே கண்ணாடிபோல் மின்னும், மேட் தாள் நல்லது. கிழிந்தால் சாதாரண செலோடேப் போடாதீர்கள், மஞ்சளாகிப் பசை கசிந்து பக்கங்களை ஒட்ட வைத்துவிடும். புத்தகம் ஒட்டுவதற்கென்றே அமிலமற்ற டேப் விற்கிறது.

வாசிக்கும் முறையில்தான் நல்ல புத்தகம் வீணாகிறது. முதல் தடவை இடையூறில்லாமல் கதையைச் சொல்லி முடியுங்கள். அடுத்த தடவையிலிருந்து கேளுங்கள். "இது என்ன கலர்?" என்பது பரீட்சைக் கேள்வி, ஒரு சொல்லோடு முடிந்துவிடும். "இங்க என்ன நடக்குது?", "இவன் ஏன் ஒளிஞ்சுக்கிட்டான்?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். "நாய் ஓடுது" என்று பிள்ளை சொன்னால், "ஆமா, பெரிய நாய் பந்தைத் துரத்திக்கிட்டு ஓடுது" என்று நீட்டிக் கொடுங்கள். குரோவர் வைட்ஹர்ஸ்ட் 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையைப் பற்றியது. ஒரே அளவு வாசித்தும், இப்படிக் கேட்டு நீட்டிய பெற்றோரின் குழந்தைகள் பேச்சில் முந்தினார்கள். பக்கத்துக்கு ஒரு கேள்வி போதும், மூன்று கேட்டால் கதை செத்துவிடும்.

அதே புத்தகத்தையே நாலு நாளாகக் கேட்கிறதா? கொடுங்கள். சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஸிகா ஹார்ஸ்ட் குழு 2011இல் 3 வயதுக் குழந்தைகளிடம் பார்த்ததில், மூன்று வெவ்வேறு கதைகளில் புதுச் சொற்களைக் கேட்டவர்களைவிட, அதே சொற்களை ஒரே கதையில் மூன்று முறை கேட்டவர்களே நன்றாகக் கற்றார்கள். மொத்தம் 12 புத்தகம் இருந்தால் ஆறை மட்டும் அட்டை முன்பக்கம் தெரிய வையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மற்ற ஆறோடு மாற்றுங்கள். முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எல்லாம் ஒன்றுதான்.

பிள்ளைகள் இருவருக்கும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டியிருந்தால் சின்னவரின் அளவுக்கு எழுத்து குறைந்த, பெரியவர் தேடுவதற்குப் படத்தில் ஏதாவது ஒளிந்திருக்கும் புத்தகமாக எடுங்கள். நரி, சுண்டெலி மாதிரி. இருவரும் உங்கள் இருபக்கமும் உட்காரட்டும், எதிரே உட்கார்ந்தால் படம் தலைகீழ். நீளமான கதையைப் பெரியவருக்குத் தனியாக, சின்னவர் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். எழுத்தில்லாத புத்தகத்தைப் பெரியவர் கையில் கொடுத்து, தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்த கதையாக அது இருக்காது, நடுவில் போய்த் திருத்த வேண்டாம். படத்தில் எங்கே அப்படி இருக்கிறது என்று சின்னவரே கேட்டுவிடுவார்.